உணவுத் தூள்களின் உள்வெளி: ஊடுகதிர் காட்டும் நுண்ணமைப்பு

முன்னுரை

மூடி இறுக மூடப்படாத பால்மாவு நம் வட்டாரத்து ஈரக் காற்றில் விரைவில் கட்டிதட்டிப் போவதை நாம் அறிவோம். ஒருவகைப் பால்மாவு நீரில் இட்டவுடன் கரைகிறது. மற்றொருவகை மேலே மிதந்து கட்டியாகிறது. இரண்டிலும் அடங்கிய பொருள்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பினும் இவ்வேறுபாடு தோன்றக்கூடும். அதற்கு ஒரு முக்கியக் காரணம் தூளின் நுண்ணமைப்பு. குறிப்பாக, அதனுள் இருக்கும் வெற்றிடம். அவ்வெற்றிடத்தை ஊடுகதிர்ப் படவியல் எவ்வாறு அளவிடுகிறது என்பதையும், அதனைத் தமிழில் பிழையின்றிக் கூற எத்தகைய சொற்கள் தேவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகை வெற்றிடம்

பால்மாவு பெரும்பாலும் தெளிப்பு உலர்த்தல் முறையில் செய்யப்படுகிறது. செறிவூட்டிய பால் சூடான காற்றில் நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. நீர் ஆவியானபின் ஒவ்வொரு துளியும் ஒரு துகளாகிறது. துளியில் சிக்கிய காற்று துகளுக்குள் குமிழியாகத் தங்கிவிடுவதுண்டு. உறையவைத்து உலர்த்திய காப்பியிலோ, பனிப்படிகங்கள் இருந்த இடங்கள் ஒன்றோடொன்று இணைந்த துளைகளாக எஞ்சுகின்றன.

எனவே, தூளில் மூவகை வெற்றிடம் உண்டு எனலாம். முதலாவது, துகள்களுக்கு இடைப்பட்ட வெளி. இது மிகக் குறுகியதாயின் நீர் எளிதில் உட்புகாது. ஆதலால், நுண்துகள்களைச் சிறு திரள்களாக ஒட்டவைத்து உடனடிக் கரையும் தூளைச் செய்கின்றனர். இரண்டாவது, துகளின் புறப்பரப்பில் திறக்கும் துளை. இதன் வழியாக உயிர்வளி உட்சென்று கொழுப்பைக் கெடுக்கக்கூடும். மூன்றாவது, துகளுக்குள் அடைபட்ட குமிழி. இது தூளின் அடர்த்தியைக் குறைப்பதால் அதே எடைக்குப் பெரிய கலன் வேண்டியதாகிறது.

ஊடுகதிர் முறை

மின்னணு நுண்ணோக்கி துகளின் புறத்தோற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டும். உள்ளே காண வேண்டுமெனில் துகளை வெட்டவோ உடைக்கவோ வேண்டும். பாதரசத்தை அழுத்திச் செலுத்தும் முறை திறந்த துளைகளை மட்டுமே எட்டும். உயர் அழுத்தம் மென்மையான துகளைச் சிதைக்கவும் கூடும்.

1895ஆம் ஆண்டு இரண்ட்கன் கண்டறிந்த ஊடுகதிர் இத்தடையை நீக்கியது. எனினும், ஒற்றை ஊடுகதிர்ப் படம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழல்களே. பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து உள் வெட்டுமுகத்தைக் கணக்கிடும் முறைக்காகக் கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவரும் 1979இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். 1982இல் எலியட்டும் டோவரும் இதனை நுண்ணளவில் செய்து காட்டினர். அவர்கள் ஆராய்ந்தது ஒரு நத்தை ஓடு.

இம்முறையில் சிறு குழலில் இட்ட தூள் ஒரு சுழல்மேடையில் சிறிது சிறிதாகத் திருப்பப்படுகிறது. நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்படுகின்றன. கணினி அவற்றை இணைத்துக் கனப்புள்ளிகளாலான முப்பரிமாண உருவத்தை அமைக்கிறது. ஊடுகதிரை மிகக் குறைவாக ஈர்க்கும் காற்று கருமையாகவும், திடப்பொருள் வெளிர்நிறமாகவும் தோன்றும். தூள் அழிவதில்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு. ஈரக் காற்றில் வைப்பதற்கு முன்னும் பின்னும் அதே தூளைப் படமெடுத்தால், ஈரத்தால் பிசுபிசுத்த பாற்சருக்கரை துகள்களுக்கிடையே பாலமிடுவதைக் காணலாம்.

அளவீட்டின் எல்லை

படம் தெளிவாக உள்ளது என்பதனாலேயே அதிலிருந்து பெறும் எண் உறுதியானதென்று கொள்ளலாகாது. காற்றும் திடப்பொருளும் சந்திக்கும் கனப்புள்ளி சாம்பல்நிறமாக இருக்கும். எந்நிறம் வரை வெற்றிடம் என்பதை ஆய்வாளரே வரையறுக்க வேண்டும். 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைத் துகளுக்குள் 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குமிழி இருப்பதாகக் கொள்வோம். குமிழியின் பங்கு 12.5 விழுக்காடு. எல்லைக்கோடு 2 மைக்ரோமீட்டர் மட்டும் வெளிப்புறம் நகர்ந்தால், அது ஏறத்தாழ 15.7 விழுக்காடாகிவிடும். மேலும், கனப்புள்ளியைவிட மெல்லிய சுவர் படத்தில் மறைந்து, மூடிய குமிழி திறந்த துளையாகத் தோன்றக்கூடும். கொழுப்பு, புரதம், பாற்சருக்கரை ஆகியவை ஊடுகதிரை ஏறக்குறைய ஒரே அளவில் ஈர்ப்பதால் அவற்றைப் பிரித்தறிவதும் கடினம்.

கலைச்சொல் தேவை

மேற்கூறிய மூன்றையும் ‘துளை’ என்ற ஒரே சொல்லால் குறித்தால், எதனை அளந்தோம் என்பது மாணவர்க்கு விளங்காது. எலும்புப்புரை என்னும் மருத்துவச் சொல்லில் ‘புரை’ உட்குழிவைக் குறித்து இன்றும் வழங்குகிறது. ஆதலின், வெற்றிடத்தின் மொத்தப் பங்கைப் ‘புரைமை’ எனவும், அதன் வகைகளை ‘இடைவெளி’, ‘திறந்த புரை’, ‘மூடிய புரை’ எனவும் வழங்கலாம் என்பது நம் கருத்து.

முடிவுரை

தூளின் இயல்பை அதன் பொருள் மட்டுமன்றி, அப்பொருள் சூழ்ந்த வெற்றிடமும் தீர்மானிக்கிறது. ஊடுகதிர் அவ்வெற்றிடத்தைச் சிதைக்காமல் காட்டுகிறது. ஆயினும், எல்லையை எங்கு வரைந்தோம், எவ்வகைப் புரையை எண்ணினோம் என்ற இரண்டையும் கூறாத அளவு முழுமையான அளவாகாது. இத்தெளிவை வகுப்பறையில் தமிழிலேயே உருவாக்குவது ஆசிரியர்களாகிய நம் கடமையாகும்.