ஒளிவுமறைவற்ற நிரூபணம்

கணித சாஸ்திரத்தில் ஆராய்ச்சி செய்பவர் ஒருவர், போதிப்பவர் வேறொருவர், கணினிக்கு நிரல் எழுதுபவர் மூன்றாமவர் என்று பிரித்துப் பார்த்தே பழகிய நமக்கு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் சித்தார்த்த காட்கில் அம்மூன்றையும் ஒரே காரியமாக நடத்திவருவது வியப்பளிக்கக்கூடும்.

அவர் பங்கேற்ற ஓர் ஆய்வைப் பார்ப்போம். வரிசை மாறினால் விளைவும் மாறும் செய்கைகள் உலகில் பல; பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் இலை விரித்துச் சோறு படைப்பதும், சோற்றைக் கொட்டி அதன்மேல் இலை விரிப்பதும் ஒன்றாகா. இத்தகைய செய்கைகளுள் செய்ததை நீக்கி முன்னிலைக்கு மீளக்கூடியவற்றுக்கு, ‘நீளம்’ என்று ஓர் எண்ணை விதிப்போம். இரண்டு செய்கைகள் சேர்ந்தால் நீளம் அவற்றின் கூட்டுத்தொகையை மீறலாகாது. ஒன்றையே ஆயிரம் முறை செய்தால் சரியாக ஆயிரம் மடங்காக வேண்டும். சும்மா இருப்பதைத் தவிர வேறெதற்கும் நீளம் சுழியாகக் கூடாது. இப்படியொரு நீளம் அமையுமா என்று அதே கழகத்தைச் சேர்ந்த அபூர்வ காரே எழுப்பிய வினாவை, 2017 டிசம்பரில் கணிதவியலாளர் டெரன்ஸ் டாவோ யாவரும் முயன்று பார்க்குமாறு இணையத்தில் பொதுவில் வைத்தார்.

இவ்வினாவுக்கு விடை தேடியதில் ஒரு சிறு யுக்தி மிக அழகானது. ‘அ’, ‘ஆ’ என்பன இரு செய்கைகள் என்க. ‘ஆ’வைச் செய்து, ‘அ’வைச் செய்து, பின் ‘ஆ’வை நீக்குவதையே ஆயிரம் முறை தொடர்ந்தால், இடையில் வரும் ‘ஆ’க்களும் அவற்றின் நீக்கங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நடுவே ஆயிரம் ‘அ’வும் ஓரங்களில் ஓர் ‘ஆ’வும் அதன் நீக்கமுமே எஞ்சும்; எண்ணிக்கை பெருகப் பெருக ஓரங்களின் பங்கு அற்பமாகிவிடுவதால், ‘ஆ’ சூழ்ந்த ‘அ’வின் நீளம் தனி ‘அ’வின் நீளத்தை மிஞ்சாது.

இத்தகைய படிகளைக் கணக்கின்றிப் பின்னி, ‘அ’, ‘ஆ’, ‘அ’வின் நீக்கம், ‘ஆ’வின் நீக்கம் என்னும் தொடரின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே போன காட்கிலின் நிரல், விடையோடு நில்லாமல் ஒவ்வொரு படியையும் மனிதர் படிக்கத்தக்க வரிகளாக அச்சிட்டுத் தந்தது. அவ்வரிகளைக் கணிதவியலாளர்கள் பேஸ் நீல்சன், டோபியாஸ் ஃப்ரிட்ஸ் முதலியோர் ஊன்றி வாசித்து, உட்கருத்தைப் பிரித்தெடுத்துப் பொதுமைப்படுத்த, அந்நீளம் சுழியே என்பது, அதாவது வரிசை மாறினாலும் விளைவு மாறாத செய்கைகளுக்கே அப்படியொரு நீளம் அமையும் என்பது, சில நாட்களிலேயே நிரூபணமாயிற்று. 2018-இல் ஆறுபேர் பெயரால் அது கட்டுரையாக வெளிவந்தது. இயந்திரம் விடையை மட்டும் சொல்லியிருந்தால் எவரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

நிரூபணங்களையும் நிரல்களையும் சேர்த்தே கற்பிக்கும் தம் வகுப்பில் காட்கில் கையாளும் லீன், 2013-இல் லியனார்டோ டி மௌரா தொடங்கிய திறந்த மூல மென்பொருள். ஒரு படி விடுபட்டாலும் அது நிரூபணத்தை ஏற்பதில்லை. அதன் மூலநிரலையோ எவரும் வாசிக்கலாம், திருத்தலாம்.

எஸ்.டி.பி.எம். தேர்வுக்காகச் சூத்திரங்களை மனனம் செய்யும் கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவருக்கும் இது எட்டாத பொருளன்று. கணிதப் பேராசிரியர் கெவின் பஸ்ஸார்டும் முகம்மது பெத்ராம்ஃபரும் லீனைக் கொண்டு அமைத்த ‘நேச்சுரல் நம்பர் கேம்’ என்னும் விளையாட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டும் இரண்டும் நான்கு என்பதையே அது நிரூபித்துக் காட்டச் சொல்கிறது. ஆசிரியர்களே, ஒரு வகுப்பு நேரத்தையேனும் இதற்கு ஒதுக்கித் தாருங்கள்.