விதையை விற்கலாமா? ஒரு சொல் தீர்த்த வழக்கு

தம் வயலில் எடுத்த விதையை அண்டை விவசாயிக்கு விற்கலாமா? அமெரிக்காவில் இக்கேள்வி 1995-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அங்கு 1970-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், புதிய ரகம் கண்டவருக்கு விதை விற்பனையில் தனி உரிமை தந்தது. விவசாயிகளுக்கு ஒரு விலக்கும் அளித்தது. ஐயோவா மாநிலத் தம்பதியர் 1990-ல் 265 ஏக்கரில் அஸ்குரோ கம்பெனியின் இரு சோயா மொச்சை ரகங்களைப் பயிரிட்டு, 10,529 புஷலை மற்றவர்களுக்கு விதையாக விற்றனர். புஷல் விலை 8.70 டாலர், கம்பெனி விலையோ 16 டாலருக்கு மேல். கம்பெனி வழக்குத் தொடுத்தது.

சந்தைப்படுத்துவதற்காக விதை பெருக்குவோருக்கு விலக்கு இல்லை என்பது சட்டம். விளம்பரம், விற்பனை முகவர் போன்ற விரிவான ஏற்பாடு இருந்தால்தான் அது சந்தைப்படுத்துதல் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். உச்ச நீதிமன்றமோ, விற்பனைக்கு முன்வைப்பதே சந்தைப்படுத்துதல்தான் என 8 நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பளித்தது. தம் நிலத்தில் மறுபடி விதைக்கச் சேமித்த அளவை மட்டுமே விற்கலாம் என்றாயிற்று. 1994-ல் செய்த சட்டத் திருத்தமோ, பின்னர் சான்று பெற்ற ரகங்களுக்கு அந்த வழியையும் அடைத்துவிட்டது.

நமது 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையையும் விவசாயிகள் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் இடமளிக்கிறது. ஆனால் பையிலிட்டு, பாதுகாக்கப்பட்ட ரகம் எனச் சீட்டு ஒட்டி விற்கக் கூடாது. விதை விற்கும் விவசாயிகள் இதை நினைவில் வைப்பது நலம்.