டைல்ஸுக்கு அடியில் என்ன நடக்கிறது?

டைல்ஸ் பதிக்கப் புதிதாகக் கிளம்புகிறவர் கடையில் நிறத்தைப் பார்ப்பார், வழவழப்பைத் தடவிப் பார்ப்பார். அனுபவப்பட்ட கொத்தனார் அதைத் திருப்பி முதுகைப் பார்ப்பார். சாதாரண செராமிக் சுவர் டைலின் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், கண்ணெதிரிலேயே உள்ளே போய்விடும். தரைக்குப் போடும் விட்ரிஃபைட் டைலின் முதுகில் அதே சொட்டு அசையாமல் நிற்கும். எந்த டைலை எப்படி ஒட்ட வேண்டும் என்பதை இந்த ஒரு சொட்டே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

டைல் தன் எடையில் எத்தனை சதவீதம் தண்ணீரைக் குடிக்கும் என்பதற்கு 'நீர் உறிஞ்சும் அளவு' என்று பெயர். சுவர் டைலுக்கு இது 10 சதவீதத்துக்கு மேல். ஒரு கிலோ டைல் 100 மில்லிக்கு மேல், அதாவது அரை டம்ளருக்கும் குறையாத தண்ணீரைக் குடித்துவிடும். விட்ரிஃபைட் டைலுக்கு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. சூளையில் ஏறத்தாழ 1,200 டிகிரி சூட்டில் அதன் மண்கலவையில் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, உள்ளிருக்கும் நுண்துளைகளை அடைத்துவிடுவதுதான் காரணம்.

துளை அடைபட்டால் டைல் உறுதியாகும், கறை பிடிக்காது. ஆனால் சிமென்டுக்குப் பிடிமானம் போய்விடும். சிமென்ட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது காய்வதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து வேறு பொருளாகவே மாறுகிறது. 'நீரேற்றம்' என்று இதைச் சொல்வார்கள். அப்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளும் படிகங்களும் வளர்ந்து, டைலின் துளைகளுக்குள் நுழைந்து கோத்துக்கொள்கின்றன. சுவர் டைலைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, குமிழி வருவது நின்றபின் சாந்தில் பதிக்கும் பழைய வழக்கத்தின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. ஊறாத டைல் சிமென்டுக்குரிய தண்ணீரைத் தானே குடித்துவிடும். நீரேற்றம் பாதியில் நின்றுபோகும்.

விட்ரிஃபைட் டைலில் நுழையத் துளையே கிடையாது. வெறும் சிமென்ட் பாலை ஊற்றிப் பதித்தால், சில வருடங்களில் தட்டும்போது உள்ளே காலியான சத்தம் கேட்பது அதனால்தான். இதற்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க வேதிப்பொறியாளர் ஹென்றி ரோத்பர்க். 1950களில் அவர் சிமென்ட் கலவையில் ரப்பர் பாலைச் சேர்த்தார். ஓர் அங்குலத்துக்கும் மேல் கனமாகச் சாந்து போட்ட இடத்தில் சில மில்லிமீட்டர் பசையே போதும் என்றாயிற்று. இன்று அந்தப் பாலின் வேலையைச் செய்யும் பாலிமர், பசைப் பையிலேயே பொடியாகக் கலந்து வருகிறது. தண்ணீர் பட்டதும் கரைந்து பரவி, சிமென்ட் படிகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாகப் படிகிறது. துளையில்லாத முதுகையும் பிடித்துக்கொள்கிறது.

அதே பையில் இன்னொரு பொருளும் உண்டு. மரக்கூழிலிருந்தோ பஞ்சிலிருந்தோ எடுக்கும் செல்லுலோஸை வேதிமாற்றம் செய்த பொடி அது. 1,000 கிராம் பசையில் சில கிராம்தான் இருக்கும். மூன்று நான்கு மில்லிமீட்டர் பசையில் இருக்கும் தண்ணீரைக் கீழே கான்கிரீட்டும் மேலே வெயில் காற்றும் இழுத்துக்கொள்ளாமல் கட்டிவைப்பது இதன் வேலை. பசையைக் கலக்கியபின் ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்கச் சொல்வது, இந்தப் பொடிகள் முழுதாகக் கரையட்டும் என்றுதான். பரப்பிய பசையில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்குள் டைலை வைத்துவிட வேண்டும். மே மாதத்தில், மின்விசிறி சுற்றும் அறையில், அத்தனை நேரமும் கிடைக்காது. விரலால் தொட்டால் பசை விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் மேலே தோல் கட்டிவிட்டது என்று பொருள். சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

இப்படிப் பிடித்த பசைக்கு எவ்வளவு வலு? ஐரோப்பியத் தர விதிப்படி, சாதாரண சிமென்ட் பசைகூடச் சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ. 60 சென்டிமீட்டர் சதுர டைலின் பரப்பு 3,600 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 18 டன்: சரக்கு ஏற்றிய லாரியின் எடை! டைலின் எடையோ ஏழெட்டுக் கிலோதான். இவ்வளவு வலுவை வைத்துக்கொண்டு டைல் ஏன் பெயர்கிறது? பசை டைலைத்தான் பிடிக்க வேண்டுமே தவிர, தூசியை அல்ல. சுவரில் பழைய பெயின்ட், தரையில் எண்ணெய், டைலின் முதுகில் சூளை உருளைகளில் ஒட்டாதிருக்கத் தடவிய வெள்ளைப் பொடி என்று எது இருந்தாலும் பசை அதை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்; அது தான் ஒட்டியிருந்த இடத்தை விட்டு உதிரும். ஆகவே பெயின்ட் சுவரைக் கொத்திவிடுவது, தரையைப் பெருக்கித் துடைப்பது, டைலின் முதுகை ஈரத்துணியால் துடைப்பது மூன்றும் அந்த 18 டன்னைக் காப்பாற்றும் வேலைகள்.

அடுத்த எதிரி காற்று. பல் வைத்த கரண்டியால் பசையை வரிவரியாக இழுப்பது அளவு ஒரே சீராக வருவதற்கு மட்டும் என்று எண்ணக் கூடாது. வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் காற்று வெளியேறும் வாய்க்கால்கள். எல்லா வரியும் ஒரே திசையில் நேராக இருந்து, டைலை வரிகளுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால், வரிகள் சாய்ந்து பள்ளத்தை நிரப்பும். காற்று ஓரம் வழியாகப் போய்விடும். அழகுக்காக வட்ட வட்டமாக இழுத்தால் காற்று நடுவில் சிக்கிக்கொள்ளும். டைலின் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து கட்டி வைத்துப் பதிப்பது இன்னும் மோசம். காலியான மூலையில் கனமான பாத்திரம் விழுந்தால் டைல் உடையும்.

மட்டம் பார்ப்பதில் ஒரு பழைய அற்புதம் உண்டு. ஒளி புகும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், நடுவே எத்தனை வளைவு இருந்தாலும் இருபுறமும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். குழாயில் காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது. இந்த டியூப் மட்டத்தால், ஓர் அறையில் போட்ட அடையாளத்தைச் சுவர் தாண்டி அடுத்த அறைக்கும் கொண்டுபோகலாம். மட்டம் வேறு, சமதளம் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய டைல்களுக்கு மூன்று மீட்டர் நீளத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக் கூடாது என்பது கணக்கு. நீண்ட பலகை வடிவ டைல்கள் சூளையிலிருந்தே இம்மியளவு நடு உப்பி வரும். செங்கல் கட்டுபோலப் பாதிக்குப் பாதி தள்ளிப் பதித்தால், ஒன்றின் உப்பிய நடுப்பகுதி பக்கத்து டைலின் தாழ்ந்த முனையோடு சேர்ந்து காலில் இடறும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளுவது இதைத் தவிர்க்க.

நூல் அடிப்பதும் கணக்குதான். மூலை ஒரே ஒரு டிகிரி பிசகினால், மூன்று மீட்டர் போவதற்குள் வரிசை ஐந்து சென்டிமீட்டர் விலகிவிடும். ஒரு கோட்டில் மூன்றடி, மறுகோட்டில் நான்கடி அளந்து குறியிட்டால், குறிகளுக்கு நடுவே சரியாக ஐந்தடி வர வேண்டும். வந்தால் மூலை செங்கோணம். அறை 3.2 மீட்டர், டைல் 60 சென்டிமீட்டர் என்றால், ஒரு சுவரிலிருந்து தொடங்கினால் ஐந்து முழு டைலும் கடைசியில் 20 சென்டிமீட்டர் துண்டும் வரும். நான்கு முழு டைலை நடுவில் வைத்தால் இரு ஓரங்களிலும் 40 சென்டிமீட்டர் வரும். பசை தொடும் முன்பே டைல்களைச் சும்மா அடுக்கிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இவ்வளவு இறுக்கமாகப் பதித்தபின் கடைசிப் புதிர்: தரை அசைகிறது. மொட்டைமாடியில் வெப்பம் 30 டிகிரி கூடினால், 10 மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளும். டைல் இரண்டு மில்லிமீட்டர்தான் நீளும். புதுக் கான்கிரீட் உலர உலரச் சுருங்கும். சுட்ட மண்ணோ சூளையை விட்டு வந்த நாளிலிருந்து காற்றின் ஈரத்தை ஏற்று மிக மெதுவாக வளரும். இப்படி ஏற்ற ஈரத்தால் கூடும் எடையைக் கொண்டு பழைய செங்கல்லின் வயதைக் கணிக்கும் முறையை, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மொய்ரா வில்சன் குழுவினர் 2009இல் முன்வைத்தார்கள்.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்? இடைவெளியே இல்லாமல் இரண்டு 60 சென்டிமீட்டர் டைல்கள் நெருக்கிக்கொண்டு நிற்கையில், இடம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் போதும். இரண்டும் கூரைபோல நிமிர்ந்து, நடுவில் இரண்டரை சென்டிமீட்டர் எழும்பிவிடும். பித்தாகோரஸ் தேற்றம் தரும் விடை அது. நள்ளிரவில் 'படார்' என்று தரை வெடித்துக் கிளம்பியதாகச் சொல்லும் வீடுகளில் நடந்தது இதுதான். மருந்து மலிவு. டைல்களுக்கு நடுவே ஸ்பேசர் வைத்து இடைவெளி, சுவரோரம் சுற்றிலும் சில மில்லிமீட்டர் காலியிடம். அதை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். வெயில் படும் தளத்தில் 8 முதல் 12 அடிக்கு ஒன்று, வீட்டுக்குள் 25 அடிக்கு ஒன்று என, வளைந்து கொடுக்கும் சீலன்ட் நிரப்பிய இணைப்பும் வேண்டும் என்கின்றன அமெரிக்க வழிகாட்டு விதிகள்.

குளியலறைக்கு இன்னொரு கணக்கு. டைலும் அதன் இடுக்குப் பூச்சும் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. இடுக்கு வழியே சிறிது இறங்கத்தான் செய்யும். நீர்க்காப்புப் பூச்சைக் கீழேயே அடித்து, ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்தபின் டைலைத் தொடலாம். மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வாட்டத்தையும் அந்த அடித்தளத்திலேயே கொடுத்துவிட வேண்டும். பசையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய முடியாது.

எல்லாம் தயார் என்றால், முதல் டைலைப் பதித்த கையோடு அதை நெம்பி எடுத்துவிடுங்கள். முதுகைத் திருப்பிப் பாருங்கள். அறைக்குள் 80 சதவீதமாவது, குளியலறையில் 95 சதவீதமாவது பசை அப்பியிருந்தால் கரண்டியும் கலவையும் அழுத்தமும் சரி. திட்டுத்திட்டாக முதுகு தெரிந்தால், மீதி 100 டைலும் அப்படித்தான் இருந்திருக்கும். பசையை வழித்துவிட்டு, பெரிய பல் வைத்த கரண்டியை எடுங்கள்.