புயலும் வெள்ளமும் வருமுன் நெல்லாலையிற் செய்ய வேண்டியவை

1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆந் திகதி இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியை மட்டக்களப்பு, பொலன்னறுவை மாவட்ட மக்கள் எளிதில் மறப்பதற்கில்லை. 900 பேருக்கு மேற்பட்டோர் அதில் உயிரிழந்தனர். தென்னந் தோட்டங்கள் அடியோடு சாய்ந்தன. உறுதியான கட்டடங்களின் கூரைகளும் பெயர்த்தெறியப்பட்டன.

வங்கக் கடலிற் தோன்றும் புயல்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே நம் நாட்டைத் தாக்குகின்றன. அக்காலத்தில் சிறுபோக நெல் ஆலைகளின் களஞ்சியங்களில் அடுக்கப்பட்டிருக்கும். ஊறற் தொட்டிகளில் நெல் ஊறிக்கொண்டிருக்கும். உலையில் உமி எரிந்துகொண்டிருக்கும். நெருப்பு, நீராவி, மின்சாரம், உயர்ந்த புகைபோக்கி, கனத்த மூட்டைகள் ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ் உள்ளன. சாதாரண நாளிற் பயன் தரும் இவை ஒவ்வொன்றும், புயலும் வெள்ளமும் வரும் நாளில் ஆட்களுக்கு ஆபத்தாக மாறக்கூடும்.

இக்காலத்தில் புயல் பற்றிய எச்சரிக்கை பெரும்பாலும் முன்கூட்டியே கிடைக்கின்றது. எனினும் அந்த நேரத்தை “இனி என்ன செய்வது?” என்று கலந்து பேசுவதிற் கழிக்கும் ஆலைக்கு எச்சரிக்கையினாற் பயனில்லை. யார் எதைச் செய்வது, எதை முதலிற் செய்வது என்பவற்றை மாரி தொடங்குமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். அவ்வாறு தீர்மானிக்கும்போது ஆட்கள் முதலாவதாகவும், நெருப்பு இரண்டாவதாகவும், மின்சாரம் மூன்றாவதாகவும், நெல் இறுதியாகவும் அமைதல் வேண்டும்.

1. கடமைப் பட்டியல்

ஆலையிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் அவருக்குரிய கடமையையும் ஒரு தாளில் எழுதி, வாயிலருகே ஒட்டிவைத்தல் வேண்டும். உலையை அணைப்பவர், பிரதான ஆளியை நிறுத்துபவர், ஆட்களை எண்ணிச் சரிபார்ப்பவர், காயமடைந்தோருக்கு முதலுதவி செய்பவர் ஆகியோர் அதிற் குறிக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு கடமைக்கும் மாற்றாள் ஒருவரும் இருத்தல் அவசியம். 1978 ஆம் ஆண்டின் சூறாவளி இரவிலேயே கரையைக் கடந்தது என்பதை மனத்திற் கொள்க. இரவில் ஆலையில் இருப்பவர் காவலாளி ஒருவரே எனின், உலையையும் மின்சாரத்தையும் கையாளும் முறையை அவரும் கற்றிருத்தல் வேண்டும்.

வெள்ளம் ஏறாத மேட்டுநிலமொன்றையோ உறுதியான பொதுக் கட்டடமொன்றையோ கூடுமிடமாகத் தெரிந்தெடுத்தல் நன்று. இதுபற்றிக் கிராம அலுவலரின் ஆலோசனையைப் பெறலாம். ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள் எல்லோரும் தத்தம் கடமைகளைச் செய்து பழகுதல் வேண்டும். தாளில் மட்டும் இருக்கும் திட்டம் இருட்டிலும் மழையிலும் உதவாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, தீயணைப்புச் சேவையின் 110, நோயாளர் காவு வண்டிச் சேவையின் 1990 ஆகிய தொலைபேசி இலக்கங்களையும் அதே தாளில் எழுதுக.

2. மாரிக்கு முந்திய வேலைகள்

கூரைத் தகடுகளின் கொளுக்கிகளையும் ஆணிகளையும் சோதித்துத் தளர்ந்தவற்றை இறுக்குதல் வேண்டும். புகைபோக்கியைத் தாங்கும் இழுகம்பிகள் துருப்பிடித்திருப்பின் அவற்றை மாற்றுக. ஆலையருகே நிற்கும் பட்ட மரங்களையும், ஆலையின்மேற் சாயக்கூடிய கிளைகளையும் வெட்டியகற்றுக.

முன்னைய வெள்ளம் ஏறிய மட்டத்தைச் சுவரில் வர்ணத்தாற் குறித்துவைத்தல் பயனுள்ள வழக்கமாகும். ஆளிப் பலகை, மோட்டார், டீசல் தாங்கி ஆகியவை இக்குறிக்கு மேலே அமைதல் நன்று. நெல் மூட்டைகளையும் அக்குறிக்கு மேலான மேடைகளில் அடுக்குதல் வேண்டும். அடியிலுள்ள மூட்டைகள் நனைந்தால் அவற்றிலுள்ள நெல் ஊதிப் பெருக்கும். அப்பொழுது அடுக்கு முழுவதும் ஒருபுறஞ் சாய்ந்து, அருகில் நிற்பவர்மீது விழக்கூடும்.

3. எச்சரிக்கை கிடைத்ததும்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் புயல் எச்சரிக்கையோ நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள எச்சரிக்கையோ கிடைத்தவுடன் புதிதாக நெல்லை ஊறவிடுதல் கூடாது. உலைக்கு உமியிடுவதை நிறுத்தி, எரிகின்ற உமியை வெளியே இழுத்து முற்றாக அணைக்குக. அணையாத உமிக் குவியல் உள்ளே கனன்றுகொண்டிருந்து, பலத்த காற்று வீசும்போது தீப்பொறிகளைச் சிதறடிக்கும்.

கொதிகலன் தானாகக் குளிர இடமளித்தல் வேண்டும். சூடான கொதிகலன்மீதோ உலைச் செங்கற்கள்மீதோ தண்ணீர் ஊற்றுவது பேராபத்து. நெருப்பு அணைந்த பின்னரும் செங்கற்கள் பல மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆதலின் கொதிகலனில் நீர்மட்டம் குறையாது பார்த்துக்கொள்க. இவ்வளவுக்கும் நேரம் வேண்டியிருப்பதனாலேயே நெருப்பை அணைப்பது முதல் வேலையாகக் கொள்ளப்படுகின்றது.

அடுத்துப் பிரதான ஆளியை நிறுத்துக. நீர் தரையில் ஏறுமுன்னரே இது செய்யப்படல் வேண்டும். நீரில் நின்றுகொண்டு ஆளியைத் தொடுதல் உயிருக்கு ஆபத்தானது. வெளியே கிடக்கும் தகடுகள், பலகைகள், வெற்றுப் பீப்பாய்கள் ஆகியவற்றை உள்ளே எடுத்துவைக்குக. நேரமிருப்பின் மாத்திரம் மூட்டைகளை உயர்த்தலாம். குறித்த நேரம் வந்ததும் வேலையை எவ்விடத்தில் இருப்பினும் விட்டுவிட்டு, எல்லோரும் கூடுமிடத்துக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே ஆட்களை எண்ணிச் சரிபார்த்தல் தவறாத கடமையாகும்.

4. காற்று வீசும்பொழுது

சூறாவளியின் நடுப்பகுதி ஊரின்மேற் கடக்கும்போது காற்று திடீரென ஓய்ந்துவிடும். வானமும் ஓரளவு தெளியலாம். புயல் முடிந்துவிட்டதென எண்ணி அந்நேரத்தில் ஆலையைப் பார்க்கச் செல்லுதல் ஆகாது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் கடுமையாக வீசும். முதற் காற்றிற் தளர்ந்த கூரையும் புகைபோக்கியும் இரண்டாவது காற்றிலே விழுவதுண்டு. உத்தியோகபூர்வ அறிவித்தல் வரும்வரை கூடுமிடத்திலேயே தங்குக.

5. வெள்ளம் வடிந்த பின்

ஆலைக்குள் நுழையுமுன் கூரையையும் சுவர்களையும் வெளியே நின்று பார்வையிடுக. அறுந்து கிடக்கும் மின்கம்பிகளை எவரும் அணுகுதல் கூடாது. வெள்ளத்துடன் வந்த பாம்புகள் மூட்டைகளிடையே பதுங்கியிருக்கலாம். எலிக்காய்ச்சல் சேற்றுநீர் மூலம் பரவுவதாதலின், கால் கைகளிற் புண் உள்ளவர்கள் வெறுங்காலுடன் துப்புரவு வேலையில் ஈடுபடலாகாது.

நனைந்த மோட்டார்களை உடனே இயக்கற்க. மின்வினைஞர் அவற்றை உலர்த்திச் சோதித்த பின்னரே மின்சாரம் கொடுத்தல் வேண்டும். கொதிகலனையும் அதற்குரிய அங்கீகாரம் பெற்ற ஒருவர் பரிசோதித்த பின்னரே மீண்டும் நெருப்பு மூட்டுதல் வேண்டும்.

பல நாட்களாக நெல் ஊறிப் புளித்துக் கிடக்கும் தொட்டிகள் குறித்துச் சிறப்பான எச்சரிக்கை தேவை. புளித்த நெல்லிலிருந்து எழும் கரியமிலவாயு காற்றிலும் கனமானது. அது தொட்டியின் அடியிலே தங்கிவிடும். அதில் இறங்குபவர் சில கணங்களில் நினைவிழக்கலாம். அவரைத் தூக்குவதற்கு இறங்கும் இரண்டாவது ஆளுக்கும் அதே கதி நேரிடும். ஆதலால் எவரும் தொட்டிக்குள் இறங்காது, அடிக்கதவைத் திறந்து நீரை வடித்து, வெளியே நின்று நீண்ட கருவிகளால் நெல்லை வாருதல் வேண்டும்.

நனைந்த நெல் விரைவிற் சூடேறி நிறம் மாறும். நனையாத நெல்லை அதனின்று உடனே பிரித்தெடுக்குக. மழைநீரால் மட்டும் நனைந்த நெல்லை மெல்லிய படையாகப் பரப்பி, ஈரப்பதன் நூற்றுக்கு 14 வீதமாகக் குறையும்வரை உலர்த்துதல் வேண்டும். மலக்கழிவோ எண்ணெயோ கலந்த வெள்ளநீரில் மூழ்கிய நெல்லை உணவுக்குப் பயன்படுத்தலாகாது.

ஆலைச் சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை

மூட்டைகளைக் காப்பாற்றவோ மோட்டாரைக் கழற்றவோ கடைசி நேரத்தில் ஒரு தொழிலாளியை ஆலைக்குள் அனுப்பாதீர்கள். அவர் தாமாகச் செல்ல முன்வந்தாலும் தடுத்து நிறுத்துங்கள். நெல் அடுத்த போகத்திலும் விளையும். மோட்டாரைப் புதிதாக வாங்கலாம். மாலையில் அவர் வீடு திரும்புவாரென அங்கே காத்திருப்பவர்களுக்கு ஈடாக எதையும் கொடுக்க முடியாது. கடமைப் பட்டியலை இம்மாதமே எழுதத் தொடங்குங்கள்.