ஓட்டை போட்டால் கீரை! போடாவிட்டால் கொசு!

கொல்லையில் பழைய குண்டான் ஒன்று கிடக்கிறது. கைப்பிடி போய்விட்டது. அடி நெளிந்துவிட்டது. சமையலுக்கு ஆகாது, தூக்கி எறியவும் மனம் வரவில்லை. "கிடந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால், அந்தக் குண்டான் சும்மா கிடப்பதில்லை!

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, மலைக்கோட்டையின் அடியில் இருக்கும் ஊர் தியாகதுருகம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், இங்கே கொல்லையில் கிடக்கும் சட்டி, பானை எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு இதுதான் தொட்டில். இந்தக் கொசு சாக்கடையைத் தேடாது. வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். பகலிலேயே கடிக்கும்.

2012-ஆம் ஆண்டிலும் 2017-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாகப் பரவி உயிர்களைக் குடித்தது. இந்தக் கொசு அதிக தூரம் பறப்பதில்லை. நம் வீட்டுக் குண்டானில் பிறந்தது நம் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையுமே கடிக்கும்.

அதே குண்டானைச் செடித் தொட்டி ஆக்கிவிட்டால்?

ஆணியும் சுத்தியலும்

முதலில் பாத்திரத்தின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் பல மாதம் சாகாது.

பிறகு ஓட்டை. அலுமினியத்துக்குப் பெரிய ஆணியும் சுத்தியலும் போதும். அடியில் கட்டையை வைத்து, உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் ஓட்டையின் விளிம்பு உள்ளே மேடாக நிற்கும். தண்ணீர் முழுதும் வடியாது. நாலைந்து ஓட்டை போடுங்கள். எவர்சில்வருக்கு ஆணி இறங்காது. வெல்டிங் பட்டறையில் கொடுத்துத் துளைத்து வாங்க வேண்டும்.

மண்சட்டியை அடித்தால் உடையும். இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, ஆணி முனையால் மெல்லத் திருகிக் குடையுங்கள். பொறுமை வேண்டும். ஆனால் செடிக்கு மண்சட்டிதான் சுகம்.

பித்தளை அண்டாவை மட்டும் தொடாதீர்கள்! எடைக்குப் போட்டால் நல்ல காசு வரும். பற்றவைத்து அடைத்த பழைய பாத்திரத்தில் கீரை வேண்டாம். அந்தப் பற்றில் காரீயம் கலந்திருப்பது உண்டு. அதில் பூச்செடி வையுங்கள்.

எதில் எதை வைப்பது?

ஓட்டையின் மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்று. அதன்மேல் செம்மண், மணல், மட்கிய சாணம் மூன்றும் சம அளவு. பாத்திரத்தை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைக்கிறவர்கள் உண்டு. அந்தத் தட்டில் தண்ணீர் நின்றால் கொசு திரும்ப வந்துவிடும்!

நாலு விரல் ஆழமுள்ள தாம்பாளம் வெந்தயக் கீரைக்குப் போதும். அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தையே ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவலாம். மூன்று வாரத்தில் கீரை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஒரு அடி ஆழம் வேண்டும். பழைய வாளி சரி. சித்திரை வெயிலில் உலோகம் கொதிக்கும். உள்ளே சாக்கைச் சுற்றிக் கொடுத்து, மதிய நிழலில் வைக்க வேண்டும்.

"உடைசலை வாசலில் வைத்தால் ஊர் சிரிக்காதா?" என்று கூசுகிறவர்கள் உண்டு. சண்டிகாரில் நேக்சந்த் என்ற சாலை ஆய்வாளர், 1957-ல் உடைந்த பீங்கானையும் வளையலையும் பொறுக்கி, யாருக்கும் தெரியாமல் ஒரு பூங்கா அமைக்கத் தொடங்கினார். 1976-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது!

நம் வீட்டுக்குப் பட்டம் வேண்டாம். ஒரு பிடி அரைக்கீரை போதும். அதையும் வேரோடு பிடுங்காமல், நாலு விரல் விட்டுக் கிள்ளுங்கள். மறுபடியும் துளிர்க்கும்.