பல்லுக்குப் பீங்கான் போட்டால்தான் கல்யாணமா?

காஞ்சிபுரத்தில், எங்கள் தெரு நெசவாளர் வீட்டுப் பையனுக்கு, தர்மபுரி பக்கம் ஒரு பெண் பார்த்தனர். எல்லாம் பிடித்ததாம், முன்பல்லில் உள்ள பழுப்புக் கறை மட்டும் பிடிக்கவில்லையாம். 'பல்லுக்குப் பீங்கான் போட்டுக்கிட்டா மேற்கொண்டு பேசலாம்' என்று சொல்லி விட்டனர். (பையன் பல்லில் இருக்கும் பாக்குக் கறையை யாரும் கேட்கவில்லை!)

அது, பல் துலக்காததால் வந்த கறை அல்ல. அந்தப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் சின்ன வயசில் அதைக் குடித்தால், எனாமலிலேயே கறை படிந்து விடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, 2013ல்தான்; அதற்குள் இவளுக்குப் பல் முளைத்து விட்டது.

பீங்கான் ஒட்ட, பெரும்பாலும் எனாமலை அரை மில்லி மீட்டர் அளவுக்குச் சீவுகின்றனர். சீவிய எனாமல் திரும்ப வளராது. 10, 15 வருஷத்தில் பீங்கானையும் மாற்ற வேண்டி வரும். தறி வீடுகளில், இழையைப் பல்லால் கடித்து அறுக்கிறோமே, அப்படிக் கடித்தால் அது உடைந்து போகலாம். ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற டாக்டர், ஆரம்பத்தில் நடிகர்களுக்குத்தான் இதைச் செய்தாராம். ஷூட்டிங் முடிந்ததும், கழற்றி விடுவார்களாம்!

லேசான கறையை, மேலாகத் தேய்த்து மெருகேற்றியோ, 'ப்ளீச்' செய்தோ மங்க வைக்க முடியும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் முதலில் காட்டும்படி, பெண்ணின் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, காஞ்சிபுரம்.