எந்த ஊர்ப் பொருள் இது?

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. பல ஊர்களில் வேடியப்பன் என்று பெயரிட்டு, பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். எடுத்தனூர்க் கல் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது; மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது. மாடு கவர்ந்த சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே பொறித்திருக்கிறது. ஒரு நாய்க்கு இவ்வளவு மரியாதை செய்த ஊர் என்று எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் எல்லாக் கல்லிலும் எழுத்து இருப்பதில்லை. எழுத்தில்லாத கல் எந்த ஊருக்கு உரியது, யார் அதைக் கும்பிட்டார்கள், அருகில் எந்தப் பாதை போனது என்பதையெல்லாம் அது நிற்கும் இடத்தை வைத்தே அறிய முடியும். அதைப் பெயர்த்து ஒரு பங்களாத் தோட்டத்தில் வைத்தால் அழகான பழைய சிற்பம் ஒன்று மிஞ்சும், வரலாறு போய்விடும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டதன் அருமை இதனால்தான் விளங்குகிறது.

பழம்பொருள் சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் எழுத்தில்லாத நடுகல் ஒரு பாடம் என்று நினைக்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குத் தூண்கள், எனாமல் பாத்திரங்கள், ரவிவர்மா படங்கள் குவிந்து கிடக்கின்றன. சென்னையில் மர்ரே கம்பெனி ஏலத்துக்குப் போய்ப் பழைய மேசை நாற்காலி எடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. இந்த ஆசையில் குற்றம் எதுவும் இல்லை. பொருளை வாங்கும்போது வயது, உலோகம், வேலைப்பாடு, விலை எல்லாம் கேட்கிறோம். எந்த ஊரில் யார் வீட்டில் இருந்தது என்று மட்டும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் பாதியை இழக்கிறோம். கோயில் பொருளாக இருந்தால் திருட்டுக்கும் துணை போகிறோம்.

‘சேர்ப்பவர்கள் வாங்காவிட்டால் இவை எடைக்குத்தானே போகும்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாகப்பிரிவினை முடிந்த வீட்டின் அண்டாவும் குத்துவிளக்கும் பாத்திரக் கடையில் உருகிப்போவது உண்மை. கோட்டையூர் ரோஜா முத்தையா மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் பழைய புத்தகங்களோடு சேர்த்து வைத்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பைப் பெற்றது. அதைக் கொண்டு 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஆகவே தனிமனிதர் சேகரிப்பு நாட்டுக்குச் செய்யும் நன்மையை நான் மறுக்கவில்லை. அச்சிட்ட தாள் தன் ஊரையும் ஆண்டையும் தானே சொல்லும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. குத்துவிளக்குக்கு அந்த வசதி இல்லை. வாங்குகிறவர்தான் எழுதி வைக்க வேண்டும்.

‘பெரிய அருங்காட்சியகங்களே காகிதத்தை நம்பித்தானே வாங்குகின்றன?’ என்பது அடுத்த கேள்வி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் வாங்கியது. சிலை எப்போதோ இந்தியாவை விட்டு வந்துவிட்டதாகக் காட்டும் பத்திரமும் கூடவே வந்தது. சிலை கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்து வைத்திருந்த புகைப்படம் அந்தப் பத்திரத்தைப் பொய்யாக்கியது. 2014இல் நடராஜர் திரும்பினார். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் சிலை கடத்தல் வழக்கு ஒன்றில் கபூருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. காகிதம் மட்டும் போதாது என்பதற்கும், இருந்த இடத்திலேயே எடுத்த ஒரு படம் எவ்வளவு வலிமையானது என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டாம்.

சட்டத்தைக் கண்டு பயந்து ஒதுங்குகிறவர்களும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்தவற்றையும், சுவடியானால் எழுபத்தைந்து ஆண்டு கடந்தவற்றையும் தொல்பொருள் என்கிறது. தனியார் ஏற்றுமதிக்குத் தடை, விற்பவருக்கு உரிமம் என்பவை அதன் முக்கிய விதிகள். வைத்திருப்பதே குற்றம் என்று அது சொல்லவில்லை. சிற்பம், ஓவியம் போன்ற சில வகைகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு அலுவலகத்துக்கு அலைவது சலிப்புதான். ஆனாலும் பாட்டி வீட்டுத் தாம்பாளத்தை அவர் பெயர், ஊர், அது எந்த விசேஷத்துக்கு வெளியே வந்தது என்ற குறிப்போடு படமெடுத்து வைக்க எந்த அலுவலகமும் தேவையில்லை. வீட்டை இடிக்க ஆள் வருவதற்கு முன், பொருள் அதன் இடத்தில் இருக்கும்போதே அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும். கடைக்காரர் ஊரைச் சொல்லத் தயங்கினால், அது சாமி சிலையானால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் வந்துவிடலாம். சந்தேகம் வலுத்தால் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்குத் தெரிவிக்கலாம்.